ஓட்டலுக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?

சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தால் நம் வீட்டு ஆண்களுக்கு உடனே தெரிந்துவிடும். பொரியலில் தேங்காய் குறைந்தால் தெரியும். தோசை ஓரம் முறுகாவிட்டால் தெரியும். ரசத்தை ஒரு வாய் வைத்ததுமே, "இன்னிக்கு என்ன, பழைய புளியா?" என்று கேட்பார்கள். அவ்வளவு கூர்மையான நாக்கு. அதே நாக்கு, காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடத்துக்குப் போனதும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? எனக்குக் கல்யாணமாகி பதினாலு வருஷமாகிறது. இன்னும் இதற்கு விடை தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு அத்தை என்னைக் கோபித்துக்கொள்வார். குடி, சீட்டு எதுவும் கிடையாது. சம்பளம் வந்ததும் கையில் கொடுத்துவிடுவார். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் வீட்டில் ஒரு நாக்கு, வெளியில் ஒரு நாக்கு. எங்கள் தெருவில் விசாரித்துப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

ஒரு சாண்ட்விச் விஷயத்தால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

தாம்பரத்தில் கடைத்தெரு பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் போனவர்களுக்குத் தெரியும், இடிபடாமல் நாலடி நடக்க முடியாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஷூவும், வீட்டுக்குக் கொஞ்சம் காய்கறியும் வாங்கிக்கொண்டு வந்தோம். பிள்ளைகளுக்குப் பசி. அங்கே கூட்டம் அலைமோதுகிற ஒரு கடை இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். பேக்கரி, டீக்கடை, ஜூஸ் கடை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. உட்கார நாற்காலி கிடையாது. நெஞ்சு உயர மேஜையைச் சுற்றி நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பப் இருக்கும், வேலை முடிந்ததும் எல்லோரும் அங்கே கூடுவார்கள் என்று சொல்வார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்வது இந்தக் கடைகள்தான். பீருக்குப் பதில் இஞ்சி டீ, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லாவுக்கு மேலே பெரிய போர்டு. அதில் வெஜிடபிள் சாண்ட்விச் படம். வெள்ளரி பச்சைப் பசேலென்று, தக்காளி சிவக்கச் சிவக்க, ஓரத்தில் வெண்ணெய் மினுமினுக்கிறது. என் பெண் ஆறாவது படிக்கிறாள். "அம்மா, அதும்மா" என்று காட்டினாள். விலை 90 ரூபாய். இரண்டு வாங்கி நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று டோக்கன் வாங்கினோம். இருபது நிமிஷம் நின்றோம்.

வந்தது. தட்டில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முக்கோணமாக வெட்டி, வெட்டிய பக்கம் நம்மைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த வெட்டுவாயில் வெள்ளரி, பீட்ரூட், தக்காளி எல்லாம் அடுக்காகத் தெரிந்தது. பிள்ளை ஒரு வாய் கடித்தாள். இரண்டாவது வாய் கடித்தாள். அப்புறம் பிரெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், "அம்மா, இதுல வெட்டின இடத்துல மட்டும்தான் இருக்கு."

நானும் திறந்து பார்த்தேன். உண்மைதான். கத்தி போகிற கோட்டுக்கு மேலேயே காயை வரிசையாக அடுக்கி, நடுவில் வெட்டி, அந்த முகத்தைக் காட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் வெறும் பிரெட். அதில் தக்காளி சாஸ் ஒரு தீற்று. பிரெட்டின் ஓரம் வறண்டு ரஸ்க் மாதிரி. நடுவில் தக்காளித் தண்ணீர் இறங்கிச் சொதசொதவென்று. பச்சைச் சட்னி என்று போர்டில் போட்டிருந்ததே, அதை நாக்கால் தேடினேன். கிடைக்கவில்லை. பக்கத்தில் நாலு சிப்ஸ். எண்ணித்தான் சொல்கிறேன், நாலே நாலு.

நான் முகத்தைச் சுளித்ததும் என் வீட்டுக்காரர், "விடு, இந்தக் கூட்டத்துல அவன் என்ன பண்ணுவான் பாவம். சாப்பிட்டுக் கிளம்பலாம்" என்றார். அதற்கு மூணு நாள் முன்னால்தான் பீன்ஸ் பொரியல் கொஞ்சம் குழைந்துவிட்டது என்று பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்தவர்! ஆறு மணிக்கு எழுந்து, இரண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிக்கொண்டே, மூணு டப்பா கட்டுகிற எனக்குப் 'பாவம்' கிடையாது. தொண்ணூறு ரூபாய் வாங்குகிற கடைக்காரர் பாவம்.

என் பெண் சொன்னது உண்மை. ஒரு குழந்தை கண்ணால் பார்த்து, சரியாகக் கண்டுபிடித்துச் சொல்கிறது. அதற்கு நாம் கொடுக்கிற பதில், "சத்தம் போடாம சாப்பிடு" என்பது. பெண் குழந்தைகளுக்கு நாம் இதை எத்தனை இடத்தில் சொல்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன்.

கல்லாவில் இருந்தவரிடம் பிரெட்டைத் திறந்து காட்டினேன். சண்டை போடவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "அண்ணா, இதைப் பாருங்க. வெட்டின இடத்துல மட்டும்தான் காய் இருக்கு" என்றேன். அவர் தட்டைக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் இதைத்தான் மேடம் சாப்பிடறாங்க. இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்றார்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் சொன்னதும் உண்மைதான். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் நகரவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, டோக்கன் டோக்கன் என்று நாலு கை நீளுகிறது. கடைசியில் அவர் உள்ளே பார்த்து, "டேய், இவங்களுக்கு நல்லா வெச்சுக் குடு" என்று சத்தம் போட்டார். கவனியுங்கள், 'நல்லா வெச்சு'. அப்படியானால் மற்றவர்களுக்கு எப்படி வைக்கச் சொல்லியிருக்கிறார்? பத்து நிமிஷத்தில் வேறு வந்தது. பிரெட்டின் நாலு மூலைக்கும் வெண்ணெய், சட்னி, காய் எல்லாம் இருந்தது. நன்றாகவே இருந்தது! செய்யத் தெரியாத கடை இல்லை அது. கேட்டால் ஒரு மாதிரி, கேட்காவிட்டால் ஒரு மாதிரி.

பக்கத்து மேஜையில் ஒரு பெண், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு, என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. நான் பேசாம தின்னுட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் வண்டியில் வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. நாலு பேர் பார்க்கும்படி பண்ணிவிட்டேனாம்.

இதில் அடுப்பருகே நின்ற பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது வயதுகூட இருக்காது, வடக்கே எங்கிருந்தோ வந்தவன். ஒரே கல்லில் பிரெட் ஆம்லெட், பன் பட்டர், சாண்ட்விச் எல்லாம் போட்டுக்கொண்டு வேர்வையில் நனைந்து நிற்கிறான். ஒரு சாண்ட்விச்சுக்கு எத்தனை வில்லை வெள்ளரி என்று முடிவு செய்கிறவன் அவன் இல்லை. அதனால்தான் அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. குறை இருந்தால் கல்லாவில் சொல்ல வேண்டும், பரிமாறுகிற பிள்ளைகளிடம் எரிந்து விழக் கூடாது. சில பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலாளியிடம் பல்லைக் காட்டுவார்கள், தண்ணீர் வைக்கிற பையனிடம் வீரம் காட்டுவார்கள்.

"கூட்டம் இருக்கிற கடையா பார்த்துச் சாப்பிடு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சரக்கு தங்காது, பழசு இருக்காது. ஆனால் கூட்டம் எதனால் வருகிறது என்று பார்க்க வேண்டாமா? கடற்கரை – தாம்பரம் எலெக்ட்ரிக் ரயில் 1931-ல் ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த ஊரில் இறங்கி ஏறுகிற ஜனம் குறையவே இல்லை. தென் மாவட்ட பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். அங்கே போகவும் ஒரு கூட்டம் தாம்பரத்தில்தான் இறங்கி பஸ் மாறுகிறது. இத்தனை பேர் பசியோடு நடக்கிற வழியில் கடை வைத்தால், கல்லைப் பொரித்துப் போட்டாலும் விற்கும். இன்று வந்தவன் நாளைக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் கடைக்கு இல்லை. நாளைக்கு வேறு ஆயிரம் பேர் இறங்குவார்கள். சேலையூர் உள்தெருவில் இருக்கிற சின்னக் கடைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு நம் முகம் தெரியும், நமக்கு அவர் முகம் தெரியும். ஒரு நாள் போண்டா ஊசிப்போனால் தெருவே பேசும். அதனால் கூட்டத்தை வைத்து ருசியைக் கணக்குப் போடுவதை நான் விட்டுவிட்டேன். திரும்பத் திரும்ப அதே முகங்கள் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

எங்கள் சின்ன வயதில் பிரெட் என்பது காய்ச்சல்காரர்கள் சாப்பாடு. பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் கையில் ஒரு பிரெட் பாக்கெட்டும் ஹார்லிக்ஸும் இருக்கும். மத்திய அரசே 1965-ல் மாடர்ன் பேக்கரீஸ் என்று கம்பெனி ஆரம்பித்து பிரெட் போட்டு விற்றது. 2000-ல் அதைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள். இப்போது தெருவுக்கு நாலு பேக்கரி. சாண்ட்விச், பர்கர் எல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தோசை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் தோசை சரியில்லை என்றால் கண்டுபிடிக்கிற நமக்கு, சாண்ட்விச் என்றால் ஒரு தயக்கம். 'அது அப்படித்தான் இருக்குமோ என்னவோ' என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இருக்காது. வீட்டில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

400 கிராம் பிரெட் பாக்கெட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு ஓரத் துண்டையும் தள்ளினால் 16 இருந்தது. பாக்கெட் 50 ரூபாய் என்றால் ஒரு துண்டு மூன்று ரூபாய் சொச்சம். இரண்டு துண்டு பிரெட், பாதி உருளைக்கிழங்கு, நாலைந்து வில்லை வெள்ளரி, தக்காளி, பீட்ரூட், ஒரு ஸ்பூன் புதினா கொத்தமல்லிச் சட்னி, வெண்ணெய். தாராளமாகப் போட்டும் 25 ரூபாயைத் தாண்டவில்லை. கடைக்காரருக்கு வாடகை, கரண்ட், ஆள் கூலி எல்லாம் இருக்கிறது. 90 ரூபாய் வாங்கட்டும், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த 25 ரூபாயில் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்க, வெட்டுவாயில் மட்டும் காய் வைத்துக் கண்ணைக் கட்டுகிற வேலை எதற்கு?

செய்முறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெண்ணெயை பிரெட்டின் ஓரம் வரைக்கும் தடவ வேண்டும். ருசிக்காக மட்டும் இல்லை, காயின் தண்ணீர் பிரெட்டில் இறங்காமல் அது தடுக்கும். வெள்ளரியில் லேசாக உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வைத்துப் பிழிந்துவிட வேண்டும். தக்காளியில் விதையை எடுத்துவிட வேண்டும். சட்னி கெட்டியாக இருக்க வேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கை வில்லையாக வைத்தால் நடுவில் பிடிப்பு வரும், பம்பாய்ப் பக்கத்தில் இப்படித்தான் செய்கிறார்கள். இரும்பு தோசைக்கல்லில் போட்டு மேலே ஒரு கனமான பாத்திரத்தை வைத்து அழுத்தினால் போதும், மெஷின் எல்லாம் வேண்டாம்.

சரி, ஆண்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நாமும் வெளியில் வாயைத் திறப்பதில்லையே, அது ஏன்? நான் யோசித்தவரையில், ஒரு வேளை சமைக்காமல் சாப்பிட்டதே நமக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது. அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டாம், மாவு ஆட்ட வேண்டாம். யாரோ செய்து, யாரோ தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் எது வந்தாலும் சரி என்று இருந்துவிடுகிறோம். இன்னொன்றும் உண்டு. மாதத்துக்கு ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து வெளியே வருகிறோம், என்னால் அந்த நேரம் கெடக் கூடாது என்கிற பயம். வீட்டில் சண்டை வராமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு எப்படியோ நம் தலையில் விழுந்துவிட்டது. வெளியில் போனாலும் அதைக் கழற்றி வைக்க முடிவதில்லை.

அத்தை ஒன்று சொல்வார். "அன்னத்தைக் குறை சொல்லக் கூடாதும்மா, அன்னலட்சுமி கோவிச்சுப்பா." பெரியவங்க சொல்வதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வீட்டில் குழம்பைக் குறை சொல்லும்போது அன்னலட்சுமி கோபித்துக்கொள்வதில்லையா? அவளும் கல்லாப்பெட்டிப் பக்கம்தான் நிற்கிறாளா? இதை அத்தையிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "உங்க மாமாகிட்ட நான் கேக்காததை நீ கேக்கறே" என்றார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. கடையில் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து போனில் ஒற்றை நட்சத்திரம் போடுவார்கள். என் தம்பி அந்த ரகம். போடட்டும், தப்பில்லை. ஆனால் தட்டு கண் முன்னால் இருக்கும்போது, மாற்றிக் கொடுக்க வாய்ப்பு இருக்கும்போது சொல்லாமல், ஊருக்குப் போய்ப் பெயர் போடாமல் திட்டுவதில் என்ன பலன்? அன்றைக்குப் பிள்ளைக்குப் பசி அடங்கியதா?

'ஒரு சாண்ட்விச்சுக்கா இவ்வளவு?' என்று சிலர் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் கேட்டார். சாண்ட்விச் பிறந்த இங்கிலாந்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2016-ல் நடாஷா என்ற 15 வயதுப் பெண் கடையில் வாங்கிய ரொட்டி சாண்ட்விச்சைச் சாப்பிட்டாள். அவளுக்கு எள் ஒத்துக்கொள்ளாது. மாவில் எள் சேர்த்திருந்ததைப் பாக்கெட்டில் எழுதவில்லை. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. பெற்றோர் வாய்மூடி இருக்கவில்லை, விடாமல் கேட்டார்கள். கடையிலேயே செய்து கட்டி வைத்து விற்கிற உணவிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று முழுசாக எழுத வேண்டும் என 2021 அக்டோபர் 1 முதல் அங்கே சட்டமே வந்தது. அதை நடாஷா பெயராலேயே சொல்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2016 மே மாதம் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட், பன் வகைகளில் 38 மாதிரிகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருக்கிறது என்று வெளியே சொன்னது. அடுத்த மாதமே பொட்டாசியம் புரோமேட்டுக்குத் தடை வந்தது. அதுவரைக்கும் நாம் எல்லோரும் அதைப் பேசாமல் தின்றுகொண்டிருந்தோம். நம் மாநிலத்திலேயே 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். பல பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பச்சை முட்டையில் செய்கிற மயோனைசில் கிருமி வளர்கிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது. சாண்ட்விச்சில் வெள்ளையாக வழவழவென்று தடவுகிறார்களே, அதுதான். வாயில் வைத்தவுடன் புளித்த வாடை அடித்தால் 'விடு, பாவம்' என்று சொல்கிற விஷயமா இது?

ருசி இல்லை என்பது வேறு, கெட்டுப்போனது என்பது வேறு. காய் குறைவாக இருந்தால் கல்லாவில் சொல்வதோடு சரி. பூஞ்சை, புழு, ஊசிய வாடை என்றால் விடக் கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்தது, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓட்டல், பேக்கரி, தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2022 ஜனவரியிலிருந்து பில்லில் 14 இலக்க எண் அச்சடிக்க வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. அந்த எண்ணை ஒரு தடவை பாருங்கள், பில்லைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பில் படத்தோடு புகார் அனுப்பலாம். நுகர்வோர் உதவிக்கு 1915-க்குப் போன் செய்யலாம். இன்னொரு விஷயம், போர்டில் ஒரு படமும் தட்டில் ஒரு பண்டமும் வைக்கிறவர்களுக்கு: உணவைப் பற்றி ஏமாற்றுகிற விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே சட்டத்தின் 53-வது பிரிவு சொல்கிறது. நம் ஊர் சாண்ட்விச் போர்டுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் குரல் நடுங்காது.

அப்புறம், செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மை ஒட்டும். 2018-ல் வந்த விதிமுறையிலேயே அது கூடாது என்று இருக்கிறது. பேப்பரில் எழுதுகிற நானே இதைச் சொல்கிறேன்!

குறை சொன்னால் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பது எப்போதும் உண்மை இல்லை. சேலையூரில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். வீட்டிலேயே சப்பாத்தி, இடியாப்பம் செய்து அக்கம்பக்கத்து ஆபீஸ் போகிறவர்களுக்குக் கொடுக்கிறாள். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "சொல்லாம போறவங்களைப் பார்த்தாத்தான்டி எனக்குப் பயம். குருமா காரம்னு சொல்றவங்க மறுநாளும் வருவாங்க. ஒண்ணும் சொல்லாம போறவங்க திரும்பி வரவே மாட்டாங்க" என்றாள். யார் என்ன குறை சொன்னார்கள் என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறாள். 'செவ்வாய்: சட்னி தண்ணி. வியாழன்: சப்பாத்தி ஓரம் காய்ச்சல்' என்று இருந்தது. காசு வாங்குகிறவளுக்கு இருக்க வேண்டிய புத்தி அது. அந்தப் பெரிய கடையின் கல்லாவில் அப்படி ஒரு டைரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். வீட்டுச் சமையலில் குறை சொல்கிறவர் யாரோ, அவர்தான் வெளியில் சாப்பிடும்போது கல்லாவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். நாக்கு கூர்மையாக இருக்கிறவருக்குத்தானே அந்த வேலை பொருத்தம்? பிள்ளைகள் இரண்டும் கை தட்டி ஒத்துக்கொண்டார்கள். அவர் முறைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். பூரி ஆறிப்போய்த் தோல் மாதிரி வந்தது. மூன்று பேரும் அவரையே பார்த்தோம். கொஞ்ச நேரம் மெனு கார்டைப் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது காது இரண்டும் சிவந்திருந்தது. பின்னாலேயே சூடாக, உப்பிப்போய் நாலு பூரி வந்தது.

– ஒரு வாசகி, கிழக்கு தாம்பரம்.